முதலில் வந்து நிற்கும் வீடுகள்: கொழும்பில் குடும்ப வழித் தொண்டு எப்படி இயங்குகிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டு, களனி கங்கை கரை மீறி கொலன்னாவைக்குள்ளும் கடுவெலப் பக்கமும் புகுந்த நாள்களில், கொழும்பில் சில வீடுகளில் அரசின் நிவாரண ஏற்பாடுகளுக்கு முன்பே பெரிய பானைகள் அடுப்பில் ஏறிவிட்டன. 2016 மே வெள்ளத்திலும் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே வீடுகள். தலைமுறை மட்டும் மாறியிருக்கும்.

பத்திரிகைகளில் அவ்வப்போது வரும் வேறொரு செய்தி வாசகரைக் குழப்புகிறது. வடக்கு, கிழக்கில் ‘தொண்டர் ஆசிரியர்கள்’ நிரந்தர நியமனம் கேட்டுப் போராடுகிறார்கள். தொண்டர் என்றால் சம்பளம் கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியானால் சோற்றுப் பொதி கட்டுகிறவரும் தொண்டர், பத்து ஆண்டுகள் வகுப்பெடுத்தவரும் தொண்டரா? தொண்டு செய்யும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது இரத்தத்தில் ஊறியது என்கிறார்களே, உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் கைமாறுவது என்ன? இந்தக் கேள்விகளை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது தொண்டு, எது தொண்டு அல்ல

உலகெங்கும் உழைப்பைக் கணக்கிடும் புள்ளியியலாளர்கள் 2013இல் ஜெனீவாவில் கூடிய 19ஆவது சர்வதேசத் தொழில் புள்ளியியலாளர் மாநாட்டில் ஒரு வரையறைக்கு வந்தார்கள். சர்வதேசத் தொழில் அமைப்பு இன்று கையாள்வது இதையே. அதன்படி ஒரு வேலை தொண்டாக வேண்டுமென்றால் மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

1. ஊதியம் இல்லாதிருக்க வேண்டும். பஸ் காசு, சாப்பாடு, சிறு கொடுப்பனவு போன்றவை இருக்கலாம். ஆனால் காசாகக் கிடைப்பது அந்த ஊரில் அந்த வேலைக்கான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டக்கூடாது.

2. கட்டாயம் இல்லாதிருக்க வேண்டும். இங்கே கட்டாயம் என்பது சட்டம், நீதிமன்றம், நிர்வாகம் ஆகியவை விதிக்கும் கட்டாயம். சமயக் கடமை, ஊர்க் கடமை, பெரியவர்களின் சொல் ஆகியவை இதில் சேரா. கோயிலுக்குப் போய்ப் பரிமாறு என்று அம்மா விரட்டி அனுப்பினாலும் கணக்கில் அது தொண்டுதான்.

3. பிறருக்காக இருக்க வேண்டும். பிறர் என்றால் தன் வீட்டாருக்கும் உறவினருக்கும் வெளியே உள்ளவர்கள். தெஹிவளையில் தனியாக இருக்கும் பெரியம்மாவை நாள்தோறும் போய்ப் பார்ப்பது பெரிய உழைப்பு, ஆனால் தொண்டு அல்ல. அவருடைய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டால் அது தொண்டு.

குறிப்பிட்ட நான்கு வாரத்தில் அல்லது ஒரு மாதத்தில் ஒரு மணி நேரம் செய்திருந்தாலே போதும், ஒருவர் தொண்டராக எண்ணப்படுவார். ஏதாவது அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நேரடியாகச் செய்வதும் சேரும், அமைப்பு வழியாகச் செய்வதும் சேரும்.

இந்த உரைகல்லில் தொண்டர் ஆசிரியரை உரைத்துப் பார்த்தால் குழப்பம் தெளியும். போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் ஆசிரியர் பற்றாக்குறை நிலவிய பாடசாலைகளில், வெற்றிடமாக இருந்த பதவியின் முழு வேலையையும் இவர்கள் செய்தார்கள். சிலர் ஊதியமே இல்லாமல், சிலர் சிறு கொடுப்பனவோடு. ஊதியம் இல்லை, கட்டாயமும் இல்லை என்பதால் புள்ளியியல் கணக்கில் அது தொண்டு. ஆனால் அவர்கள் போனது பின்னொரு நாள் நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையை ஊட்டியவர்களும் உண்டு. நிரந்தரத் தேவையுள்ள ஒரு பணியை ஆண்டுக்கணக்கில் தொண்டர்களை வைத்து ஓட்டிவிட்டு, சம்பளம் கேட்டதும் அவர்களுடைய நல்ல மனத்தைச் சந்தேகிப்பது நியாயமாகத் தெரியவில்லை.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். ஐ.நா. தொண்டர் அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் மாதந்தோறும் 86.2 கோடிப் பேர் தொண்டு செய்வதாக மதிப்பிடுகிறது. அந்த வயதினரில் அமைப்புகள் வழியாகச் செய்வோர் 6.5 வீதம். எந்த அமைப்பிலும் பெயர் பதியாமல் நேரடியாகச் செய்வோர் 14.3 வீதம். பெயர்ப் பலகையும் கடிதத் தலைப்பும் வைத்திருக்கும் சங்கங்களையே நாம் தொண்டு என்று நினைக்கிறோம். பெரும்பகுதி அவற்றுக்கு வெளியே நடக்கிறது. உலகக் கொடைக் குறியீட்டில் இலங்கை 2013, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் முதல் பத்து நாடுகளுக்குள் வந்ததற்கு, காசைவிட நேரத்தைக் கொடுக்கும் பழக்கம் ஒரு முக்கிய காரணம். ஊரார் கூடி உழைப்பைக் கொடையாகத் தரும் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு போவதும், வெசாக் நாளில் இலவசமாக உணவு வழங்கும் தன்சலில் நின்று பரிமாறுவதும் இங்கே யாரும் வியந்து பேசாத காரியங்கள்.

கொழும்புத் தமிழரிடையே இந்த மரபு வந்த வழிகள்

ஒரே வழியாக வரவில்லை.

சமய வழி பழையது. 1897 ஜனவரி 15ஆம் திகதி விவேகானந்தர் கொழும்பில் கப்பலிலிருந்து இறங்கினார். அந்த வருகை கிளப்பிய உற்சாகத்தின் தொடர்ச்சியாக 1902இல் கொழும்பு விவேகானந்த சபை உருவானது. வணக்கத்தோடு கல்வியும் சேவையும் சேர்ந்தே வர வேண்டும் என்ற எண்ணம் நகரத்துச் சைவக் குடும்பங்களில் வேர்விட்டதில் இத்தகைய சபைகளுக்குப் பங்குண்டு. இன்றும் ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலைகளில் பாடம் சொல்பவர்களில் பலர், ஒருகாலத்தில் அதே பாயில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும்போது தாகசாந்திப் பந்தல் போடும் குடும்பங்களும் இந்த வரிசையில் சேரும். கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது, இறுதிச் சடங்குகளைக் கவனிக்கும் ஜனாஸா சங்கம் என்று தமிழ் பேசும் ஒவ்வொரு சமூகத்துக்கும் அதனதன் வாசல் இருக்கிறது.

இரண்டாவது வழி ஊர். வேலைக்காகவும் படிப்புக்காகவும் கொழும்புக்கு வந்த யாழ்ப்பாணத்தவர்கள், மலையகத்தவர்கள், மட்டக்களப்பார் எல்லோரும் ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களின் கொழும்புக் கிளைகளையும் உருவாக்கினார்கள். அந்தச் சங்கங்களின் பொதுக்கூட்ட அறிக்கைகளை வாசித்துப் பார்த்தால் நூலகத்துக்கு அலுமாரி, மைதானத்துக்கு வேலி என்றுதான் இருக்கும். ஆனால் ஒருவர் கொழும்பில் இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுபோக வாகனம் ஒழுங்கு செய்ததும், பெரியாஸ்பத்திரிக்கு வந்த ஊர்க்காரருக்கு இரண்டு நாள் தங்க இடம் பார்த்ததும் அதே ஆள்கள்தான். அது எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

மூன்றாவது வழியைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. 1983 ஜூலை இன வன்முறையில் வீடிழந்த பல்லாயிரம் தமிழர்கள் கொழும்பில் பாடசாலைகளிலும் கோயில்களிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அடைக்கலமானார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமானது. பிறகு பலர் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த முகாம்களில் சமைத்தவர்களும் பெயர் எழுதியவர்களும் பெரும்பாலும் முகாமுக்குள்ளேயே இருந்தவர்கள். தங்கள் தெருவில் சிங்கள அயலவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதைச் சொல்லாத குடும்பமும் குறைவு. அந்த நாள்களைக் கடந்து வந்த வீடுகளில், அடுத்தவருக்கு ஓடுவதைக் கருணை என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நாளைக்கு நமக்கும் யாராவது வர வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கைக் குறைவாக மதிக்கக் காரணம் எதுவும் இல்லை.

சிங்கள மொழிச் சூழலில் வளர்ந்த சர்வோதய இயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன 1958இல் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு வேலை முகாமுக்கு அழைத்துப் போனதிலிருந்து அது தொடங்குகிறது. சிரமதானம் என்ற சொல் இன மத வேறுபாடின்றி எல்லோர் வாயிலும் புழங்குவதற்கு அந்த இயக்கம் பெரிய காரணம்.

பிள்ளைக்குக் கைமாறுவது என்ன?

தொண்டு செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் தொண்டு செய்ய வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. நெதர்லாந்துச் சமூகவியலாளர் ரெனே பெக்கர்ஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் ஒன்று. அதன் சுவையான பகுதி, அந்தத் தொடர்பைப் பிரித்துப் பார்த்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சமயப் பற்றும் கல்வியும் சமூக நிலையும் போகின்றன. அவற்றோடு ஒட்டிக்கொண்டு தொண்டும் போகிறது. அதாவது தொண்டின் மரபில் ஒரு பகுதி, வேறொன்றின் மரபு.

கொழும்பு நிலவரத்தை வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிகிற விடை இது: தொண்டு வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நல்ல மனம் கூடுதலாக வாய்ப்பதில்லை. கிடைப்பவை வேறு மூன்று.

1. கேட்கப்படுதல்.

ஒருவர் தொண்டுக்கு வருவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பதில், யாராவது அவரை நேராகப் பார்த்துக் கேட்டார்களா என்பதற்கு மிகப் பெரிய பங்கு உண்டு. தொண்டு வீட்டில் தொலைபேசி அடிக்கிறது. கோயில் செயலாளர் அழைக்கிறார், பாதர் அழைக்கிறார், ஊர்ச் சங்கத்துப் பொருளாளர் அழைக்கிறார். அப்பா வீட்டில் இல்லையென்றால் மகனிடம் சொல்கிறார்கள்: ‘தம்பி, நாளைக்குப் பின்னேரம் ஒரு வாகனமும் இரண்டு பெடியன்களும் தேவை.’ அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போதே ஊரில் நாலு பேரிடம் அவனுடைய பெயர் இருக்கிறது. மூன்று வீடு தள்ளியிருக்கும் அவனுடைய வகுப்புத் தோழனுக்கு மனம் எவ்வளவு இருந்தாலும் யாரும் அவனை அழைக்கப்போவதில்லை, அவனுடைய பெயர் எவரிடமும் இல்லை. பிறகு ஒருவனைத் தொண்டு மனப்பான்மை உள்ளவன் என்றும் மற்றவனைச் சுயநலக்காரன் என்றும் சொல்கிறோம்.

2. கைப்பழக்கம்.

வெள்ள நாளில் ஒரு சோற்றுப் பொதி எப்படித் தயாராகிறது என்று கவனித்தால் இது விளங்கும்.

கொழும்பில் களனி கங்கையின் மட்டத்தை நாகலகம் வீதியில் உள்ள நீர்மானியில் பார்க்கிறார்கள். ஐந்து அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், ஏழு அடி என்றால் பெரு வெள்ளம். மேலே கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல நீர்மானிகள் முதலில் ஏறும். மலையில் பெய்த மழை கொழும்பை அடையும்போது கொழும்பில் வெயில்கூட அடிக்கலாம். பழகிய வீட்டில், வானொலியில் ஹங்வெல்ல மட்டம் சொன்னதுமே அரிசி மூட்டைக்குச் சொல்லிவிடுகிறார்கள். தண்ணீர் வெல்லம்பிட்டிக்குள் வந்த படத்தைத் தொலைபேசியில் பார்த்தபிறகு கிளம்புகிறவர்கள் ஒரு நாள் பிந்திவிடுகிறார்கள்.

அடுத்து, சோறு. வடித்த சூட்டோடு கட்டினால் பொதிக்குள் வியர்த்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் புளித்த வாடை வந்துவிடும். படகுக்குக் காத்திருந்து, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப் போய், ஆள் கையில் சேர அதற்கு மேலேயே ஆகும். ஆகவே துணி விரித்துச் சோற்றைப் பரப்பி ஆறவிட வேண்டும். தேங்காய்ச் சம்பல் கூடாது. தேங்காய்ப்பால் சேர்த்த கறி கூடாது. பருப்பை இறுக்கமாகக் காய்ச்ச வேண்டும். சோயாமீற்றைத் தண்ணீர் வற்றப் பிரட்ட வேண்டும். கொலன்னாவைப் பக்கம் எல்லாச் சமூகமும் கலந்து வாழ்வதால் இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது. ஹலாலா, சைவமா என்று யாரும் கேட்டுத் தயங்க வேண்டியிராது. பொதியோடு தண்ணீர்ப் போத்தல் போகாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. வெள்ளத்தில் நிற்கிறவருக்குச் சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு மிடறு இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து சோற்றின் தேவை குறைந்து வேறு தேவைகள் எழும்: விளக்குமாறு, கிருமிநாசினி, பெண்களுக்கான நப்கின், பிள்ளைகளுக்குக் கொப்பிகள். பழைய உடுப்பு மட்டும் யாருக்கும் வேண்டாம். முகாம் வாசல்களில் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து நாறுவது பெரும்பாலும் அதுதான். எதை எடுத்துப்போக வேண்டும் என்பதைவிட எதை எடுத்துப்போகக்கூடாது என்பது கற்க நாளெடுக்கும் பாடம்.

இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை. பன்னிரண்டு வயதில் பொதிக்கு நூல் கட்டிய பிள்ளை, இருபது வயதில் தானாகவே சோற்றை ஆறவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பிறவிக் குணம் போலத் தோன்றுகிறது.

3. முகப் பழக்கம்.

கிராம உத்தியோகத்தரைத் தெரியும், பிரதேச செயலகத்தில் நிவாரணம் பார்க்கும் உத்தியோகத்தரைத் தெரியும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் தெரியும், எந்தப் பள்ளிவாசலில் படகு இருக்கிறது என்பதும் தெரியும். பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் கிராம உத்தியோகத்தரிடம்தான் இருக்கும். அவரைக் கேட்காமல் போகிறவர்கள் பிரதான வீதியோரத்து வீடுகளுக்கே திரும்பத் திரும்பக் கொடுத்துவிட்டு வருவார்கள். உள் ஒழுங்கையில் இருப்பவருக்கு எதுவும் போகாது. தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் மேலதிகமாக ஒரு திறமை தேவைப்படுகிறது. சிங்களத்தில் சரளமாகப் பேசத் தெரிய வேண்டும். தொண்டு வீட்டுப் பிள்ளைகள் பலர் வகுப்பறையைவிட இத்தகைய வாசல்களில் நின்றுதான் அந்த மொழியைப் பழகுகிறார்கள்.

பழக்கம் இல்லாதபோது

கைப்பழக்கத்தை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மே 21ஆம் திகதி, கொரோனா முடக்கத்தின் நடுவே, கொழும்பு மாளிகாவத்தையில் நோன்பு காலத்தில் தனிப்பட்ட முறையில் பணம் பகிர்ந்தளிக்கப்பட்ட இடத்தில் நெரிசல் ஏற்பட்டு மூன்று பெண்கள் இறந்தார்கள். கொடுக்கும் எண்ணத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. வேலையும் வருமானமும் நின்றுபோன நகரத்தில், ஒரே வாசலில், ஒரே நேரத்தில், ரொக்கமாகக் கொடுப்பதாகச் செய்தி பரவினால் கூட்டம் கட்டுக்குள் நிற்காது. இத்தகைய பகிர்வில் முதல் நாளே வீடுவீடாகத் துண்டு கொடுத்து நேரம் குறித்துவிட வேண்டும். அல்லது பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோக வேண்டும். நுழையும் வழியும் வெளியேறும் வழியும் வேறாக இருக்க வேண்டும். அதே ஆண்டு உலர் உணவுப் பொதிகள் பகிர்ந்த பல குழுக்கள் வாசலுக்குக் கொண்டுபோகும் முறையைத்தான் பின்பற்றின. நல்ல மனம் மட்டும் இருந்தால் போதும் என்ற பேச்சு கேட்க இனிமையானது, ஆபத்தானது.

செலவு யாருடைய கணக்கில்?

தொண்டுக் குடும்பம் என்று ஊர் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு ஆணின் பெயரைத்தான் சொல்கிறது. தலைவர், செயலாளர், பொன்னாடை போர்த்தப்பட்டவர். இரவு பதினொரு மணிக்கு வெங்காயம் உரித்தவரின் பெயர் அழைப்பிதழில் வருவதில்லை.

ஜெனீவா வரையறை இதை இன்னும் மறைக்கிறது. தன் வீட்டாருக்குச் செய்வது தொண்டு அல்ல என்பதால், கணவர் முகாமில் நிற்க வீட்டில் மாமியாரையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்ட மனைவியின் நேரம் தொண்டுக் கணக்கில் வராது. ஆனால் அந்த நேரம் இல்லாமல் கணவரின் தொண்டு நடந்திருக்காது. ஒரு வீட்டில் எத்தனை மணி நேரத் தொண்டு நடந்தது என்று சரியாக அறிய வேண்டுமென்றால், யார் வெளியே போனார் என்பதோடு யார் வீட்டில் நின்றார் என்றும் கேட்க வேண்டும்.

பிள்ளைகளின் பக்கமும் சிக்கல் உண்டு. பெரும்பாலான கணக்கெடுப்புகள் 15 வயதுக்கு மேல் உள்ளவர்களையே எண்ணுவதால் நூல் கட்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. தொண்டு சம்பள வேலை அல்ல என்பதால் அந்தச் சட்டம் இங்கே பேசாது. வீட்டுப் பெரியவர்களின் நிதானம் ஒன்றே எல்லை. அந்த நிதானம் எப்போதும் இருப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போதும் கோயில் திருவிழாவில் வரிசை ஒழுங்குபடுத்த நிற்கும் பிள்ளைகள் உண்டு. மறுத்தால் ‘அப்பப்பா எப்படிப்பட்ட மனுசன், அவருடைய பேரப்பிள்ளையா இது?’ என்ற பேச்சு வரும். கணக்கெடுப்புக்கு இது கட்டாயம் இல்லை. பிள்ளைக்கு அது கட்டாயமே.

இப்படி வளர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் பெரியவர்களானதும் எந்தச் சங்கத்தின் பக்கமும் தலைவைத்துப் படுப்பதில்லை. மரபு அறுந்த கதைகளை யாரும் பொன்விழா மலரில் எழுதுவதில்லை என்பதால் அவர்கள் எத்தனை பேர் என்பது வெளியே தெரிவதில்லை.

மற்றொரு பகுதியினரைச் சான்றிதழ் இழுக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சமூக சேவை என்று ஒரு பெட்டி இருப்பதால், கொழும்புப் பாடசாலைகளில் கழகங்களும் திட்டங்களும் பெருகியிருக்கின்றன. கடற்கரையில் குப்பை பொறுக்கும் நேரத்தைவிடப் பதாகையைப் பிடித்துப் படமெடுக்கும் நேரம் கூடிவிட்ட நிகழ்வுகளும் இல்லாமல் இல்லை. ஆனாலும் இதை முழுதாக ஒதுக்கிவிட மாட்டேன். தொண்டு வீட்டில் பிறக்காத ஒரு பிள்ளையை யாரோ முதல் முறையாகக் கேட்கிறார்கள் என்றால், கேட்பது விண்ணப்பப் படிவமாக இருந்தாலும் ஒன்றுதான்.

குடும்பத்தைத் தாண்டிக் கேட்கும் இரண்டு இடங்கள்

தொண்டு வீட்டு வழியாகத்தான் பரவ முடியும் என்றில்லை. கொழும்பிலேயே அதற்கு மாறான இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன.

முதலாவது இரத்ததானம். உறவினரைக் கொண்டு ஈடு செய்யும் பழைய முறையைப் படிப்படியாகக் கைவிட்டு, 2014இல் இலங்கை முழுக்க முழுக்க ஊதியமற்ற, தன்விருப்பக் கொடையாளர்களின் இரத்தத்தை மட்டுமே பெறும் நிலையை அடைந்தது. நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த வங்கி மக்கள் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. விகாரை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், அலுவலகம், பல்கலைக்கழகம் என்று கட்டிலோடு போய் இறங்குகிறது. விதிகள் எளிமையானவை: வயது 18 முதல் 60 வரை, எடை 50 கிலோவுக்குக் குறையாமல், இரண்டு கொடைகளுக்கிடையே நான்கு மாதம். யாருடைய பிள்ளை என்று அங்கே கேட்பதில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாரஹேன்பிட்டியில் நீண்ட வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர், எங்கே போக வேண்டும், கையில் என்ன எடுத்துப்போக வேண்டும் என்பதை ஏற்கெனவே அறிந்தவர்கள். ஏதாவது ஒரு முகாமில் ஒருமுறை அவர்களிடம் கேட்டிருந்தார்கள்.

இரண்டாவது, 1974இல் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ. மனமுடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதே அதன் பணி. அதைச் செய்பவர்கள் தொண்டர்கள். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 வரை ஏறியிருந்தது. பின்னர் அது இறங்கியதற்கு முதன்மைக் காரணம் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்தது. ஆனால் தடையால் ஒரு மனிதரின் இரவு நேரப் பேச்சைக் கேட்க முடியாது. இங்கே தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அறிவுரை சொல்லக்கூடாது. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, தன் வீட்டிலும் சொல்லக்கூடாது. அதனால் இந்தத் தொண்டு சாப்பாட்டு மேசையில் பிள்ளைக்குக் கைமாற வழியே இல்லை. அரை நூற்றாண்டாக ஒவ்வொரு தலைமுறையையும் புதிதாகக் கேட்டு, புதிதாகப் பழக்கித்தான் அது நடக்கிறது.

இப்போது மாறிக்கொண்டிருப்பது

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் முற்றமுள்ள வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. இருநூறு பொதி கட்டுவதற்குப் பத்துப் பேர் உட்கார இடம் வேண்டும், பெரிய அடுப்பு வேண்டும், சோற்றை விரிக்கத் தரை வேண்டும். எட்டாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் அது முடியாது. லிப்ட்டில் கிடாரம் ஏறாது. மாடி நிர்வாகக் குழுவும் விடாது. எனவே சமையல் கோயில் மண்டபத்துக்கோ தேவாலய மண்டபத்துக்கோ போய்விட்டது. பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்துப் பழகிய இடம் வீட்டை விட்டு விலகிவிட்டது.

அதைவிடப் பெரியது புலப்பெயர்வு. தொண்டு வீடுகளின் பிள்ளைகளில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். டித்வா வெள்ளத்தின்போதும் அங்கிருந்து காசு உடனுக்குடன் வந்தது. ஆனால் ஜெனீவா வரையறையில் காசு அனுப்புவது கொடை. நேரம் கொடுத்தால்தான் தொண்டு. கொழும்பில் எஞ்சியிருக்கும் அறுபது வயதுக்காரர்களின் கையில் முன்பைவிட அதிகப் பணமும், முன்பைவிடக் குறைந்த ஆள்களும் இருக்கின்றன. அன்னதானத்துக்குக்கூட இப்போது பல இடங்களில் சமையல்காரருக்கு முற்பணம் கொடுத்துவிட்டு, பரிமாற மட்டும் ஆள் தேடுகிறார்கள். அந்த ஆள்களில் கோயிலுக்கு வெளியே கடலை விற்கும் பையனும், மண்டபத்தைக் கூட்ட வரும் பெண்ணின் மகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்கு இதுவரை எந்தச் செயலாளரும் தொலைபேசி எடுத்ததில்லை.